இதில் உங்களுடையது எது

விற்கும்போது பரமக்குடிக்காரர் சொன்னார்:
"ஒரு கீறல் கிடையாதும்மா, கண்ணாடி மாதிரி."
அன்றோடு போனது என் தூக்கம்.

மண்டபத்தில் நான் வேலைபார்க்கும் மருந்துக்கடை முன்
மீன் வண்டி திரும்பும் வட்டத்துக்கு வெளியே,
தேங்காய் விழும் தூரத்துக்கும் வெளியே
ஒரே ஓர் இடம் உண்டு.
எட்டரைக்குத் திறக்கும் கடைக்கு
அதற்காகவே ஏழரைக்கு வருவேன்.

கல்யாண வீடென்றால்
விலை கூடிய காருக்குப் பக்கத்தில் நிறுத்துவேன்,
அவர்கள் கதவை மெல்லத் திறப்பார்கள்.
ஜன்னலில் பொம்மைப் படத் திரை ஒட்டியிருந்தால்
பத்தடி தள்ளி.
சுற்றுலா வேனென்றால் அடுத்த தெரு.
பக்கக் கண்ணாடியை மடக்கி
இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன்.
ஓரியூர்த் தேருக்குப் பின்னால்கூட
இத்தனை கவனமாய் நடந்ததில்லை.

போன ஞாயிறு அரிச்சல்முனை.
சென்னை நாத்தனாருக்கு
ரோடு முடியுற இடத்தைப் பார்க்கணுமாம்.
இரண்டு பக்கமும் கடல், இரண்டு பக்கமும் கார்.
தார் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்பதைக்
கச்சான் காற்று தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது.

ரிவர்ஸ் எடுத்தேன்.
சின்னச் சத்தம்தான்,
சிரட்டையைத் தகரத்தில் இழுத்த மாதிரி.
என் பம்பர்
ஒரு வெள்ளை இன்னோவாவின் பின்கதவில்
மூக்கை வைத்திருந்தது.

யாரும் பார்க்கவில்லை.
மாங்காய்க்காரி பார்த்தாள்,
மிளகாய்த்தூள் தூவும் கை நிற்காமல்.
"எடு, போயிரலாம்,
எல்லாரும் அப்பிடித்தான்" என்றாள் நாத்தனார்.

பைக்குள் மாத்திரைக் கவர்கள் இருந்தன.
காலை, மதியம், இரவு என்ற கட்டங்களுக்கு மேலே
ஜெனோவா என்று எழுதி, போன் நம்பர் எழுதி,
மன்னிக்கவும் எழுதி, வைப்பருக்கு அடியில் சொருகினேன்.
கச்சான் அதை வாசிக்காமலே
பெண்கடல் பக்கம் கொண்டுபோனது.
இரண்டாவது கவரும் அதே விலாசத்துக்கு.

சரி, நானே காகிதம் என்று
அந்தக் கதவோரம் நின்றேன்.
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
என் பம்பரின் கறுப்பு போனது.
அடியில் ஒரு விரல் நீளம், போகவில்லை.
ஒரு கதவு பெயிண்டுக்கு ராமநாதபுரத்தில் என்ன கேட்பான்?
இன்சூரன்ஸில் போட்டால் அடுத்த வருஷச் சலுகை போகும்.
போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் கிளப்பத் தொடங்கியது.
நாத்தனார் ஏசியைக் கூட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தே காலுக்கு வந்தார் கரூர்க்காரர்,
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி,
தோளில் ஈரப் பிள்ளையோடு.
சொன்னேன்.
பிள்ளையை இறக்கிவிட்டுக் குந்தினார்.
வெயில் சாய்வாக விழும்படி தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார்.
நிறையக் கோடுகள்.
"இது எங்க வீட்டு கேட்டு. இது மச்சான்.
இது பழனில, யாருன்னு தெரியல.
இதுல உங்களது எது?"

ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.
பிறகு தொட்டுக் காட்டினேன்.

"ஐந்நூறு குடுங்க" என்றார்.
பரவாயில்லை என்பார் என்று
உள்ளே எங்கேயோ காத்திருந்திருக்கிறேன் போல.
கொடுத்தேன்.
மணலைத் தட்டிவிட்டுப் பிள்ளையை ஏற்றினார்.

பாம்பன் பாலம்வரை நாத்தனார் பேசவில்லை.
அப்புறம், "ஐந்நூறு ரூவா" என்றாள், கடலைப் பார்த்து.

இரவு வாசலில்
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து
அவரைப் போலவே குந்தினேன்.
இத்தனை நாளும் நின்றபடியேதான் சுற்றியிருக்கிறேன்.
இடது பின்கதவின் கீழ் மடிப்பில்
ஒரு கோடு,
கட்டைவிரல் அகலம்.
உப்புக்காற்று அதற்குள் புகுந்து
துருவாகி, துரு பொருக்காகி,
நகம் பட்டதும் உதிர்ந்தது.

என் விழிப்பைவிட வயதான கோடு.